தீப்பெட்டி

வெளியூர் செல்லும்போது என் கைப்பையில் தவறாமல் இடம்பெறும் பொருள்கள் சில உண்டு: மூக்குக்கண்ணாடி, பேனா, ஊக்கு, ஒரு தீப்பெட்டி. எனக்குப் புகைபிடிக்கும் வழக்கம் இல்லை. ஆயினும் மின்விளக்கு அணைந்தால் மெழுகுவத்தி ஏற்றவும், கோயிலில் கர்ப்பூரம் கொளுத்தவும் தீப்பெட்டி வேண்டுமன்றோ? 2021ஆம் ஆண்டு இறுதியில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக விலை உயர்ந்த அச்சிறு பெட்டியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் முன்னோர் தீயை உண்டாக்க மரக்கோலைக் கடைந்தனர். சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினர். அடுப்பு அணைந்துவிட்டால் அண்டை வீட்டிலிருந்து நெருப்பு வாங்கி வந்தனர். உரசியவுடன் எரியும் குச்சியை 1827இல் முதன்முதலாக விற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர் என்னும் மருந்து வணிகர். பின்வந்தோர், எளிதில் பற்றும் பொருட்டுக் குச்சியின் தலையில் வெண் பாஸ்பரசைச் சேர்த்தனர். வசதி பெருகிற்று, தீங்கும் உடன் வந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலருக்குத் தாடை எலும்பே அழுகிற்று. 1888இல் இலண்டன் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் நிலையை உலகம் அறிந்தது. 1906இல் உருவான பெர்ன் உடன்படிக்கை வெண் பாஸ்பரசை இத்தொழிலிலிருந்து விலக்கிற்று.

இதற்கு மாற்றாக அமைந்ததே நாம் இன்று கையாளும் பாதுகாப்புத் தீக்குச்சி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவீடன் நாட்டார் இதனை உருவாக்கினர். இதன் நுட்பம் எளியது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் பூசப்பட்டுள்ளன. உரசும்போது எழும் வெப்பத்தால் செம்பாஸ்பரசின் துகள்கள் பற்றுகின்றன. குளோரேட்டு உயிர்வளியைத் தருகிறது, கந்தகம் எரிகிறது, குச்சியில் ஊறிய மெழுகு சுடரை மரத்திற்குக் கொண்டு செல்கிறது. தீயை இரு கூறாக்கி, ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைத்தார்கள் எனலாம். ஆதலின் குச்சிகள் தம்முள் உரசித் தாமே பற்றுவதில்லை.

நம் நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் சிவகாசி. அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923இல் அங்குத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் மண்ணில், சாத்தூர், கோவில்பட்டி வரையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

அக்கரிசல் சிற்றூர் ஒன்றில் 1984இல் நான் ஆசிரியப் பணி ஏற்றேன். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், தீக்குச்சி எவ்வாறு எரிகிறது என்னும் பாடம். வினா எழுப்பினேன். எப்போதாவது பள்ளிக்கு வரும் சிறுமி ஒருத்தி எழுந்து, மருந்து முக்குவதையும் மெழுகு தோய்ப்பதையும் ஒழுங்காக எடுத்துரைத்தாள். "எப்படித் தெரியும் அம்மா?" என்றேன். "நான் குச்சி அடுக்கப் போவேன், சார்" என்றாள். விடியுமுன் வரும் வண்டியில் ஏறிச் சென்று, இருட்டியபின் திரும்புவாளாம்.

அதன்பின் அவள் வரவில்லை. நெடுநாள் வராதோர் பெயரை நீக்குதல் விதி. விதிப்படி சிவப்பு மையால் அவள் பெயரை அடித்தேன். அவள் வீடு பள்ளிக்கு நான்கு தெரு தள்ளியே இருந்தது. ஒருநாளும் நான் சென்று கேட்டேனில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரங்களும் வந்தன. காலம் பெரிதும் மாறியுள்ளது, அதற்காக மகிழ்கிறேன். ஆனால் இவற்றுள் எதுவும் அச்சிறுமியின் பெயரை என் பதிவேட்டில் மீண்டும் எழுதவில்லை.

சிறு வசதிகளை நாம் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டுவதில்லை. அவை யார் கைவழி நம்மிடம் வருகின்றன என்று கேட்டறிவது நம் கடன். இதனைக் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல்: சிவப்பு மைப் பேனாவை எடுக்குமுன், அந்த நான்கு தெருவை நடந்து விடுங்கள்.