வெறுங்கையோடு திரும்பும் வெள்ளணுக்கள்

நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்கு ஈசிஜி எடுத்த கையோடு ட்ரோபோனின் பரிசோதனைக்கு ரத்தமும் எடுப்பார்கள். ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் தசை சேதமடைந்திருக்கிறது என்று பொருள். நம்பகமான சாட்சிதான், ஆனால் சேதம் நடந்த பிறகே வாய் திறக்கும். கரோனரி ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு புகைந்துகொண்டிருக்கும்போதே துப்புக் கொடுக்க யாரும் இல்லையா?

அந்தக் குழாய்களை உரசிக்கொண்டு ஓடும் ரத்த அணுக்களிடம் ஆய்வாளர்கள் போனது இதற்காகத்தான்.

வெள்ளணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்கள் தமக்குள் மையலோபெராக்ஸிடேஸ் என்ற புரதத்தைப் பொதிந்து வைத்திருக்கின்றன. சீழ் பச்சையாகத் தெரிவது இதனால்தான். கிருமியைக் கண்டால் இது ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. குடிநீர்த் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்வதும் அதே அமிலத்தால்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் அது சுரந்தால், காக்க வந்ததே கெடுக்கத் தொடங்கிவிடுகிறது.

2002-ல் இத்தாலிய மருத்துவர்கள் செய்த ஆய்வு அழகானது. நிலையற்ற ஆஞ்சைனா என்ற நெஞ்சுவலி நோயாளிகளின் இதயத்துக்குள் நுழையும் ரத்தத்தையும், இதயத்தின் பெருஞ்சிரை வழியே திரும்பும் ரத்தத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டார்கள். நிறைந்த பையோடு உள்ளே போன நியூட்ரோஃபில்கள், மையலோபெராக்ஸிடேஸைக் கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தன. அடைப்பு வலது குழாயில் இருந்தவர்களிடமும் இதே நிலைதான். இத்தனைக்கும், அந்தச் சிரை இதயத்தின் இடப்பக்க ரத்தத்தைத்தான் திரட்டுகிறது. அப்படியென்றால் நியூட்ரோஃபில்களைத் தூண்டிய அழற்சி ஓர் அடைப்போடு நிற்கவில்லை. எதிர்ப்பக்கக் குழாய்களிலும் பரவியிருந்தது. ஓர் இடத்து அடைப்பை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய திறப்பு.

அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் நெஞ்சுவலியோடு வந்த 604 பேரைப் பரிசோதித்தார்கள். முதல் பரிசோதனையில் ட்ரோபோனின் உயராதவர்களில்கூட, மையலோபெராக்ஸிடேஸ் கூடுதலாக இருந்தவர்களுக்கு அடுத்த ஆறு மாதங்களில் இதயத்துக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது.

அப்படியும் இது அன்றாடப் பரிசோதனையாகிவிடவில்லை. வேறு அழற்சி நோய்களிலும் இதன் அளவு உயரும். ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் ஊசியே குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் மையலோபெராக்ஸிடேஸைக் கிளப்பிவிடும். துப்புக்காக மற்ற அணுக்களை நாடினாலும் சிக்கல் உண்டு. சிவப்பணுப் புரதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஹீமோகுளோபின்தான். அரிய புரதங்கள் அதில் மூழ்கிப்போகின்றன. தட்டணுக்களோ தொட்டாற்சிணுங்கிகள். ரத்தத்தைச் சிரமப்பட்டு இழுத்தாலோ, சோதனைக் குழாயை வேகமாகக் குலுக்கினாலோ அவை விழித்துக்கொண்டு உள்ளிருக்கும் புரதங்களைக் கொட்டிவிடும். அப்போது ஆய்வகத்தில் அளக்கப்படுவது நோயாளியின் இதயத்தில் நடந்தது அல்ல, ரத்தம் எடுத்தபோது நடந்தது.