புற்றுக் காளானும் நச்சுக் காளானும்

மழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் காளானை நம் நாட்டார் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். கறையான்கள் புற்றினுள் சருகையும் மரத்துகளையும் கொண்டு தோட்டம் அமைத்து, இக்காளானின் பூசணத்தை அதில் வளர்த்து உணவாகக் கொள்கின்றன. ஆகவே இதன் காம்பு வேர்போல் நீண்டு அத்தோட்டம் வரை செல்லும். பறிப்போர் இவ்வடையாளத்தை நோக்குக. புற்றை இடித்தல் வேண்டா. தோட்டம் அழியின் மறுவருஷம் காளானும் இராது.

வயல்கள் வீடுகளாகிவிட்ட ஆதம்பாக்கம் போன்ற ஊர்களின் புல்தரைகளிலும், மேய்ச்சல் நிலங்களிலும் தோன்றும் வெண்குடைகளைப் புற்றுக் காளான் என்று எண்ணலாகாது. அவற்றுள் ஒருவகை, உண்டோர்க்கு வாந்தியும் பேதியும் உண்டாக்கும். அதன் குடையை வெள்ளைக் காகிதத்தின்மீது ஓரிரவு கவிழ்த்துவைப்பின் பச்சை நிற வித்துத்தூள் படியும். எனினும், பச்சை படியாமை மட்டும் நன்மைக்குச் சான்றன்று.

வெள்ளிக்காசு கறுத்தல், பூச்சி அரித்திருத்தல் முதலிய பரீட்சைகள் பயனற்றவை. கொடிய சில காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் நீங்காது. உண்டு 6 மணி நேரம் கழிந்த பின்னரே குறிகள் தோன்றும். இடையே குணமானதுபோற் காட்டி ஈரலைக் கெடுக்கும். ஐயம் எழுந்தவுடனே, மிஞ்சிய காளானுடன் நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புவித்தல் கிராம அதிகாரிகளின் கடமையாகும்.

காளானை விரும்பும் குடியானவர்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளானை வைக்கோலில் வளர்த்துக்கொள்ளுதல் நலம்.