தொழில்முறை இணையதளங்களில் தொல்லை

லிங்க்ட்இன் போன்ற தொழில்முறை இணையதளங்களில் ஒருவரின் பெயர், படிப்பு, நிறுவனம், பதவி யாவும் வெளிப்படையாக உள்ளன. தொல்லை தருபவர் அவருடைய மேலதிகாரிக்கே எழுதிவிட இயலும். கணக்கை மூடிவிடுமாறு அறிவுரை கூறுவோர் உண்டு. சந்தைக்குப் போகாதே என்று விவசாயியிடம் கூறுவதை ஒத்தது அது.

சட்டங்கள் இல்லாமலில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தை ஒட்டியே குற்றத்தைக் காண்கிறது. வேலை தேடும் பெண்ணுக்கு அறிமுகமற்ற ஒருவர் இழைக்கும் தொல்லையை அதனுள் அடக்குவது எளிதன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அதன் வாசகம் அத்துணைத் தெளிவற்றதாக இருந்தமையால் வருந்துவதற்கில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி, பெண்ணை இணையவழியில் பின்தொடர்ந்து கண்காணிக்கும் ஆணுக்கு முதன்முறை 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. தொல்லைக்கு உள்ளாகும் ஆண்கள் மிரட்டல், அவதூறு ஆகியவற்றுக்கான பிரிவுகளையே நாட வேண்டும்.

தளத்தின் குறைதீர் அலுவலரது முடிவு நிறைவளிக்கவில்லையெனில், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். 2023இல் இத்தகைய 3 குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆனால் புகார் செய்யுமுன் பதிவின் படநகலையும் இணைப்பு முகவரியையும் சேமித்து வைத்தல் அவசியம். தளம் பதிவை நீக்கிய பின்னர், காவல் துறையிடம் காட்டுவதற்கு ஒன்றும் எஞ்சாமற் போகலாம்.