கையடங்கிய தூதன்

தமிழ் இலக்கியத்திலே தூதுக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. அன்னம், கிளி, மேகம், தென்றல், வண்டு ஆகியவற்றையெல்லாம் தூது போக்கிய நம் புலவர்கள், அவை போதாவென்று தமிழையே தூது விடுத்துத் 'தமிழ்விடு தூது' என்றொரு நூலும் கண்டனர். வள்ளுவர் பெருமானோ தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, நெஞ்சிலே நேயமும், தெளிந்த மதியும், சொல்லை எண்ணிப் பேசும் ஆற்றலும் உடையவனே அத்தொழிலுக்கு உரியவன் என உணர்த்தினார். இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் படிப்பித்துவரும் யான், என் சட்டைப்பையிலே குடியிருந்த தூதனை மட்டும் ஆராயாது விட்டேன். அதனால் விளைந்த தீங்கு ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அத்தூதன் பெயர் கையடக்கத் தொலைபேசி. ஈழத்தில் நாம் வழங்கும் பெயர் இது. தமிழகத்தார் செல்பேசி என்றும், அலைபேசி என்றும், கைபேசி என்றும் கூறுவர். செல்லுமிடமெல்லாம் உடன் வருதலால் செல்பேசி என்று பொருள் கொள்வாரும் உளர். ஆயின் ஆங்கிலத்திலே 'செல்' என்பது சிற்றறையைக் குறிக்கும். நிலப்பரப்பைத் தேனடையின் அறைகள்போலச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைக்கோபுரம் நிறுத்துவர். நாம் வண்டியேறிப் பேசிக்கொண்டே செல்லுங்கால், ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்தினிடம் ஒப்படைத்துவிடும். 1973 ஏப்ரல் 3 ஆந் திகதி, நியூயோர்க் நகர வீதியிலே நின்று மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலாளர் முதன்முதலாகப் பேசிக் காட்டிய கருவி ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. இலங்கைக்கு இச்சேவை 1989 ஆம் ஆண்டிலே வந்தது.

இதனால் விளைந்த நன்மைகளை மறைத்தல் அறமாகாது. எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தாய்மார் பலர் வீட்டுப் பணிக்கென வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். முன்னாளில் அவர்கள் எழுதிய கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும். எழுதத் தெரியாதவர் ஒலிநாடாவிலே அழுகையையும் அறிவுரையையும் பதிந்து அனுப்புவர். இன்றோ குவைத்திலிருக்கும் தாய், தன் மகள் பள்ளிக்குச் சடை பின்னிப் புறப்படுவதைக் கண்ணாரக் காண்கிறாள். 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அலை எட்டாத லயங்களிலிருந்த பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறி நின்று பாடம் கேட்டனர். அம்முகங்களை நினைக்கும்போது, இக்கருவியைப் பழிக்க என் நா எழவில்லை.

தீமைகளும் உள. கண்டி வாவிக் கரையிலே மாலையில் உலாவுவோர் இப்போது வாவியை நோக்குவதில்லை. வாவியை முதுகுக்குப் பின்னே நிறுத்தித் தம் முகத்தையே நோக்குகின்றனர். என் மாணவன் ஒருவன் தமிழை ஆங்கில எழுத்தால் எழுதி எனக்கு வாழ்த்து அனுப்பினான். அதனைப் படித்து முடிக்க எனக்குக் கால்மணி நேரமாயிற்று. இவையெல்லாம் சிறு குறைகள், நகைத்து விட்டுவிடலாம். யான் சொல்ல வந்தது நகைக்கத்தக்கதன்று.

நிற்க. தெல்தெனியாவிலே தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மருத்துவமனையில் இறந்ததைத் தொடர்ந்து, 2018 மார்ச் முதல் வாரத்தில் திகன முதலிய இடங்களிலே முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. ஊரடங்குச் சட்டம் வந்தது. 6 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அன்று மாலை என் கருவியிலே ஒரு செய்தி வந்து விழுந்தது. இன்றிரவு இன்ன ஊருக்குள் கூட்டமொன்று வரப்போகிறது, எவரும் வீட்டில் இராதீர்கள் என்பது அதன் சாரம். எழுதியவர் யாரென்பது தெரியவில்லை. எனக்கு அனுப்பியவருக்கும் தெரியாது.

அச்செய்தியில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. ரகர றகரங்கள் மாறிக் கிடந்தன. ஒற்றுக்கள் மிகவேண்டிய இடத்திலே மிகவில்லை. பண்டிதன் அல்லவா! யான் அமர்ந்து அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். திருத்திய பின்பு ஆசிரியர் குழுவினர் அனைவருக்கும் அனுப்பினேன். நல்லதொரு பணி செய்தேன் என்ற நிறைவோடு உணவருந்தச் சென்றேன்.

அவ்வூரிலே எங்கள் சக ஆசிரியர் ஒருவர் தம் தாயாரோடும் மனைவி மக்களோடும் வாழ்ந்தார். செய்தியைக் கண்டதும் அவர்கள் விளக்கையணைத்துப் பின்வாயில் வழியாகத் தேயிலைச் சரிவிலே இறங்கினர். இருளிலே முதியவளான அவ்வும்மா கால் இடறிக் கானுக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஊரடங்கு வேளையில் வண்டி கிடைக்கவில்லை. விடியுமளவும் ஈரமண்ணிலே கிடந்தார். அன்றிரவு அவ்வூருக்கு ஒரு கூட்டமும் வரவில்லை. மறுநாள், 7 ஆந் திகதி, அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. என் செய்தி அதற்கு முன்னரே சென்று சேர்ந்துவிட்டது.

சில வாரங்களின் பின்னர் அவ்வாசிரியரிடம் சென்று என் பிழையைச் சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. "நீங்க அனுப்பினதாலதான் நம்பினோம், ஐயா. அதில ஒரு எழுத்துப் பிழைகூட இருக்கல்ல" என்றார். என் வாழ்நாளிலே பெற்ற பாராட்டுக்களுள் என்னை நாணச் செய்தது அது ஒன்றே.

அதே இரவில் நிகழ்ந்த மற்றொன்றையும் ஈண்டுச் சொல்லவேண்டும். எங்களோடு பணியாற்றிய சிங்கள ஆசிரியர் ஒருவர், தம் வீதியிலிருந்த முஸ்லிம் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், கதவு திறந்தே இருக்கிறது" என்றார். இரு நாட்கள் அவர்கள் அங்கே உண்டு உறங்கினர். அவர் கையிலிருந்ததும் என் கையிலிருந்ததும் ஒரே வகைக் கருவி. அவர் தாம் கண்டறிந்ததைத் தம் குரலால், தம் பெயரால், தம் பொறுப்பிலே சொன்னார். யானோ எவனோ ஒருவன் சொல்லுக்குப் புத்தாடை உடுத்தி அனுப்பினேன்.

கருவியே கலவரத்துக்குக் காரணம் என்பாரும் உளர். அதனை யான் ஒப்பேன். 1915 மே மாத இறுதியில், வெசாக் பெருநாட் காலத்திலே இதே கண்டி நகரில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரம், சில நாட்களுள் கொழும்புக்கும் பிற இடங்களுக்கும் பரவிற்று. யான் சிறுவனாக இருந்த 1983 ஜூலையிலே தமிழர் வீடுகள் எரிந்தன. அக்காலங்களில் கையடக்கத் தொலைபேசி இல்லை, வதந்தி இருந்தது. ஆயின் அன்றைய வதந்தி வாய்க்கு வாய் நடந்து சென்றது. நடக்கும் வழியிலே அதனை மறித்து, 'நீ கண்டாயா?' என்று கேட்க ஒருவருக்கேனும் நேரமிருந்தது. இன்றைய வதந்திக்கு அந்த வழிநடையே இல்லை.

இதனை உலகமும் ஒருவாறு உணர்ந்துளது. ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் மாற்றி அனுப்பலாகாது என 2019 சனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் உலகெங்கும் வரம்பு விதித்தது. கண்டிக் கலவரத்திலே தன் தளம் தீய வழியில் பயன்பட்டமைக்காக 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. நல்லனவே. ஆயின் என் செய்தி ஒரே ஒரு குழுவுக்குத்தான் சென்றது. ஐந்தென்னும் வரம்பு என்னைத் தடுத்திராது.

ஆதலின் இப்பொழுது தூது அதிகாரத்தைப் படிப்பிக்கும் நாளிலே, மாணாக்கரைத் தம் வீட்டுக் கருவிகளில் வந்த செய்தி ஒன்றை எழுதிவரச் சொல்கிறேன். இதனைச் சொன்னவர் யார்? அவர் எங்ஙனம் அறிந்தார்? இது பொய்யாயின் துன்புறுவோர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே எழுத்துப் பிழை திருத்தம். பெரும்பாலான செய்திகள் முதல் வினாவையே தாண்டுவதில்லை.

சென்ற மாதம் அந்த உம்மாவைக் காணச் சென்றிருந்தேன். கோலூன்றியே நடக்கிறார். கத்தாரிலிருக்கும் பேரனோடு பேசவேண்டும் என்றார். மகன் வெளியே சென்றிருந்தமையால் என் கருவியிலேயே அழைத்துக் கொடுத்தேன். கண்ணாடிக்குள் தோன்றிய அம்முகத்தை விரலால் தடவிக்கொண்டே, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டார். பேசி முடிந்ததும் கருவியைத் தம் முந்தானையால் துடைத்து, இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார். யானும் இரு கைகளாலேயே வாங்கிக்கொண்டேன்.