பீரோவிலா, மணிக்கட்டிலா?

வடசென்னையின் ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில் இரும்பு எதுவும் நெடுநாள் பளபளப்பாக இருப்பதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மீன்பிடிப் படகின் கொக்கி, கன்டெய்னர் லாரியின் கதவு என எல்லாவற்றையும் உப்புக் காற்று அரிக்கிறது. அதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்துகொள்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் லட்ச ரூபாய் கொடுத்து வாட்ச் வாங்கிவந்தால் வீட்டில் எழும் முதல் குரல் இதுதான்: “தினமும் கட்டி வீணாக்காதே, பீரோவில் வை. கல்யாணம், விசேஷம் என்றால் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.”

அக்கறையோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் வாட்சின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் அது பாதிதான் சரி. வாட்சைக் கெடுப்பவை உப்பும், உள்ளே புகும் ஈரமும், கைமீறிய பாலிஷும். இவற்றில் எதையும் பீரோ முழுதாகத் தடுப்பதில்லை. பாலிஷ் போடும் ஆசையை அது வளர்க்கவும் செய்கிறது.

இந்தக் கடலோரத்துக்கும் கடிகாரத்துக்கும் பழைய உறவு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்துத் தந்த ‘மெட்ராஸ் நேரம்’, 1906-ல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வரும்வரை பல பத்தாண்டுகள் இந்திய ரயில்களின் நேரமாக இருந்தது. அந்த வானாய்வகத்தில் பயன்பட்ட ஊசல் கடிகாரம் ஒன்றை லண்டனைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் 18-ஆம் நூற்றாண்டில் செய்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போன அந்தக் கடிகாரம் இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதைத் தினமும் நம்பியிருந்தவர்கள் அதைத் தொடர்ந்து பராமரித்ததே அதற்குக் காரணம்.

கைக்கடிகாரம் இங்கே ஆசைப் பொருளானதில் துறைமுகத்துக்குப் பங்குண்டு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் ஊர் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக, அறுபதுகளின் இறுதியில் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் பர்மா பஜார் முளைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது. கப்பலில் வேலை செய்தவர்களும், சிங்கப்பூர் போய்வந்து சரக்கு கொண்டுவந்த ‘குருவி’களும் சீக்கோ, சிட்டிசன், கேசியோ வாட்சுகளை இந்த ஊருக்கு அறிமுகப்படுத்தினார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பியபோது ராடோவும் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு ‘பணக்கார வாட்ச்’ என்றால் ராடோதான்.

கட்டுவதா, பொத்தி வைப்பதா என்ற கேள்விக்குப் பொருளறிவியல் வழியாகப் பதில் தேடியதும் அதே ராடோதான். 1962-ல் வந்த ராடோ டயாஸ்டாரின் மேற்பகுதி டங்ஸ்டன் கார்பைடால் ஆனது, கண்ணாடி செயற்கை நீலக்கல். தினமும் கட்டினாலும் கீறல் விழக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் கடினமான பொருளுக்கு ஒரு குறை உண்டு. எஃகு கீறும், நசுங்கும், ஆனால் உடையாது. மிகக் கடினமான பீங்கான் வகை உடல் கீறாது, ஆனால் கல்தரையில் விழும் விதத்தில் விழுந்தால் விரிசல் விடும்.

பீரோவுக்குள் நடப்பது

இன்று வரும் பல ஆட்டோமேட்டிக் வாட்சுகளின் சமநிலைச் சக்கரம் ஒரு மணி நேரத்தில் 28,800 முறை துடிக்கிறது. வினாடிக்கு 8 துடிப்பு, ஒரு நாளில் 6,91,200 துடிப்பு. இத்தனை அசைவையும் தாங்குவது, நுண்ணிய அச்சுகளின் முனையில் விடப்படும் துளி எண்ணெய். பழைய வாட்சுகளில் போட்ட எண்ணெய், வாட்ச் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுகள் போகப்போகக் கெட்டியாகிவிடும். இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதல் காலம் தாங்கும், அவ்வளவுதான். பத்து வருடம் பெட்டியில் தூங்கிய வாட்சைத் திடீரென்று சாவி கொடுத்து ஓடவிடுவது, உலர்ந்த அச்சுகளைத் தேய்க்கும் வேலை. முதலில் சர்வீஸ், பிறகுதான் ஓட்டம்.

பின்மூடியிலும் சாவியிலும் உள்ள ரப்பர் வளையங்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. கட்டாமலே வைத்திருந்தாலும் அவை வயதாகி இறுகும், வெடிக்கும். தோல் வார் இந்த ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பேட்டரி வாட்சின் நிலைமை இன்னும் மோசம். தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டால் அது கசிந்து, பித்தளைப் பற்களையும் மின்சுற்றையும் அரித்துவிடும். புத்தம் புதிதாகத் தெரியும் வாட்சின் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

கட்டுகிறவருக்கு இதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தால் அன்றைக்கே தெரியும். நாளுக்கு இரண்டு நிமிடம் முன்னே ஓடினால் அந்த வாரத்திலேயே பிடிபடும். பீரோவில் இருக்கும் வாட்சின் நோய், அடுத்த கல்யாணம் வரை யார் கண்ணிலும் படாது.

மணிக்கட்டில் நடப்பது

இதனால் கட்டினால் எந்தச் சேதமும் இல்லை என்று ஆகிவிடாது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் மேல் உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். ஆனால் பின்மூடியின் மரை, செயின் இணைப்பு, வார் கம்பி நுழையும் துளை போன்ற காற்றுப் புகாத இடுக்குகளில் உப்பு வியர்வை தேங்கினால், படலம் மீளவும் வழியில்லாமல் எஃகில் சிறு குழிகள் விழுகின்றன. பெரும்பாலான நல்ல வாட்சுகளில் இருக்கும் 316எல் எஃகும் இதற்கு முழு விதிவிலக்கில்லை. மாலிப்டினம் கூடுதலாகக் கலந்த 904எல் எஃகை ரோலக்ஸ் எண்பதுகளிலிருந்து பயன்படுத்தத் தொடங்கியதன் நோக்கமே இந்த அரிப்பைத் தாமதப்படுத்துவதுதான்.

அடுத்தது கீறல். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7-ல் இருக்கிறது. எஃகும் சாதாரண வாட்ச் கண்ணாடியும் அதற்குக் கீழே, நீலக்கல் கண்ணாடி 9-ல். நிலக்கரிச் சாம்பலிலும் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. எனவே எண்ணூரில் தூசி படிந்த வாட்சைச் சட்டை முனையால் துடைப்பது தீங்கில்லாத பழக்கம்போலத் தோன்றினாலும், உண்மையில் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதே. முதலில் ஊதி, தூசியைப் போக்கிவிட்டு, பிறகுதான் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

காந்தம் கண்ணுக்குத் தெரியாத எதிரி. தலைமுடியைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறினால் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் திடீரென வேகமாக ஓடும். பெரிய மோட்டார், பழைய இரும்புக் கிடங்கின் தூக்குக் காந்தம், ஒலிபெருக்கி, செல்போன் உறையின் காந்தப் பூட்டு என இந்தப் பகுதியில் அதற்கு வாய்ப்புகள் நிறைய. நல்ல செய்தி, இது நிரந்தரச் சேதம் இல்லை. காந்தநீக்கி இருக்கும் கடையில் சில வினாடி வேலை.

‘30 மீட்டர்’ என்று டயலில் எழுதியிருப்பதை நம்பிக் கடலில் குளிப்பவர்கள் உண்டு. அது மழைத்துளிக்கும் கை கழுவும் நீருக்கும் உரிய அளவு. நீந்துவதற்குக் குறைந்தது 100 மீட்டர் என்று இருக்க வேண்டும், அதுவும் ரப்பர் வளையங்கள் சோதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே. சுழலும் எந்திரத்தின் அருகே வேலை செய்பவர்கள் வாட்சைக் கழற்றிவிட்டே நிற்க வேண்டும். அது வாட்சுக்கான விதி இல்லை, கைக்கான விதி.

கீறலுக்கு என்ன விலை?

‘கட்டினால் விலை போகாது’ என்பது அடுத்த அச்சம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு ரோலக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தது அது. கார்ப் பந்தயப் பித்து கொண்ட கணவருக்காக, கவனமாக ஓட்டும்படி பின்மூடியில் ஒரு வரி பொறித்திருந்தார். நியூமன் அதை ஆண்டுக்கணக்கில் கையில் கட்டியிருந்தார்.

2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம் போன காந்தியடிகளின் ஜெனித் பாக்கெட் கடிகாரமும் அப்படித்தான். கண்ணாடி, செருப்பு முதலியவற்றோடு சேர்த்து 18 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார் விஜய் மல்லையா. இடுப்பில் செருகிப் பயன்படுத்தியவரின் பெயர்தான் அதன் மதிப்பு.

பிரபலம் இல்லாதவரின் வாட்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் ஏலக்கூடங்கள் கற்றுத்தரும் ஒரு பாடம் எல்லோருக்கும் பொருந்தும். பழைய வாட்சு வாங்குபவர்கள் சிறு கீறலை மன்னிக்கிறார்கள், பாலிஷை மன்னிப்பதில்லை. ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைச் சிறிதளவு சீவி எடுக்கிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன, வார் பிடிக்கும் கொம்புகள் மெலிகின்றன, தொழிற்சாலையில் போட்ட நுண்கோடுகள் அழிகின்றன. கழன்ற உலோகத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. வெயிலில் கறுப்பு நிறம் வெளிறிப் பழுப்பான சில பழைய டயல்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் எச்.எம்.டி. சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்சு நிறுவனத்தை மூட 2016-ல் அரசு முடிவெடுத்தது. அதன்பின் ஜனதா, பைலட் மாடல்களைத் தேடி வாங்குவோர் பெருகினார்கள். தேவை பெருகியதும், பழைய டயலுக்குப் புது வண்ணம் அடித்து, பழைய எழுத்தைப் புதிதாக அச்சிட்டு ‘புதுசு போல’ விற்பவர்களும் பெருகினார்கள். ஐம்பது வயது ஜனதாவின் முகம் பளிச்சென்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். மங்கிய அசல் டயலுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மரியாதை.

விலையைக் காப்பதில் பில்லுக்கும் பெட்டிக்கும் பெரிய பங்குண்டு. 2022 டிசம்பரில் அன்றைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த, 500 மட்டுமே செய்யப்பட்ட பெல் அண்ட் ராஸ் ரஃபேல் வாட்சின் பில்லைக் கேட்டு தி.மு.க. எழுப்பிய கேள்வி, வாட்ச் பில் என்ற விஷயத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். பில், வாரன்டி அட்டை, சர்வீஸ் ரசீதுகள், கழற்றிய செயின் கண்ணிகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டியதுதான் பீரோவின் உண்மையான வேலை.

எதைக் கட்டலாம், எதை வைக்கலாம்?

எஃகு உடல், நீலக்கல் கண்ணாடி, 100 மீட்டர் நீர்த்தாங்கல் கொண்ட வாட்ச் தினமும் கட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் தங்க முலாம் பூசிய வாட்சை இந்த ஊர் வியர்வையில் தினமும் கட்டினால் முலாம் போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கும். அதை விசேஷத்துக்கு வைத்துக்கொள்வது நியாயம். தாத்தாவின் பழைய வாட்சில் ரப்பர் வளையமே இல்லாதிருக்கலாம், அது மழைநாளில் வெளியே போகக்கூடாது. இருட்டில் ஒளிர்ந்த அறுபதுகளுக்கு முந்தைய வாட்சுகளின் டயலில் உண்மையான ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. ஒளி நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது, ஏனெனில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அப்படிப்பட்டதை வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது.

வைப்பதானால் முறையாக வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, தோல் வாரைத் தனியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். சாவி வாட்சை மாதத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு நேரம் சரிபார்த்தால் கோளாறு முன்கூட்டியே தெரியும்.

கட்டுவதானால், நீர்த்தாங்கும் வாட்சுக்கு வேலை முடிந்து வந்ததும் சாவியை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் ஒரு கழுவல். வாரம் ஒருமுறை செயின் இடுக்குகளுக்கு மென்மையான பிரஷ். ஆண்டுக்கு ஒருமுறை நீர்த்தாங்கல் சோதனை. தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளுக்குள், முழு சர்வீஸ். கொடுக்கும்போதே “பாலிஷ் வேண்டாம்” என்று ரசீதில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

கப்பல் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் விலையுயர்ந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புறப்படும்போதே சுங்கத்துறையிடம் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது அது இங்கிருந்து போன வாட்ச்தான் என்று நிரூபிக்கலாம். புதிதாக வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர் 1 சதவீத வரியை வாங்குபவரிடமே வசூலித்துச் செலுத்துகிறார். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ள முடியும் என்பதால், அந்த ரசீதும் வாரன்டி அட்டையோடு அதே உறையில் இருக்க வேண்டும்.