கேளாமற் செய்த உடன்பாடு

திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்போம். அரசே துணைவந்தும் திக்கற்றுப்போன மக்களின் கதை இது.

1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரில், யூனியன் கார்பைட் பூச்சிநாசினித் தொழிற்சாலையின் தொட்டியொன்றினுள் நீர் புகுந்தது. சுமார் 40 தொன் மெதைல் ஐசோசயனேற் நச்சுவாயுவாய்க் கிளம்பி, அயற் குடிசைகளைச் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர்.

அவ்வேழைகள் அமெரிக்கத் தாய் நிறுவனத்தோடு வழக்காடுவது எங்ஙனம்? 1985இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, அவர்கள் அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையை அரசுக்கே அளித்தது. பிள்ளைக்காகத் தந்தை பேசுவது போன்றதே அது. அரசு கேட்டது 300 கோடி டொலருக்கு மேல். 1989இல் இணங்கியதோ 47 கோடிக்கு. பாதிக்கப்பட்டோரை முன்னரே ஒரு வார்த்தை கேட்டாரில்லை.

2010இல் இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்கத் தலைவர் வாரன் அன்டர்சன் விசாரணைக்கு வராமலே 2014இல் காலமானார். மேலும் நட்டஈடு வேண்டி அரசு 2010இல் கொடுத்த மனுவை, 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளிற்று.

எளியோருக்காக அரசு பேசுவது நன்றே. ஆயின், அவர்களைக் கேளாது பேசும் குரல், குற்றம் புரிந்தோருக்கே அரணாகிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.