அம்பாசடர் கார்: டைமிங், கார்புரேட்டர் கோளாறுகளைக் கண்டறிதல்

அம்பாசடர் கார் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தால் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. இதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியை டிஸ்ட்ரிபியூட்டரும், பெட்ரோல்–காற்றுக் கலவையைக் கார்புரேட்டரும் கவனித்துக்கொள்கின்றன. இரண்டில் எது கெட்டாலும் வண்டி இழுக்காது, மிஸ்ஸிங் ஆகும், சூடேறும். அறிகுறிகள் ஒன்றுபோல் இருப்பதால் பலர் முதலில் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். தீப்பொறியைச் சரிபார்த்த பிறகே கார்புரேட்டரைத் தொடுவது சரியான வரிசை.

தீப்பொறிப் பகுதி

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் பின்தங்கும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங் வைப்பதில் பயனில்லை. பாயிண்ட் முகம் அடிக்கடி கருகினால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம்.

டைமிங் பார்க்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும்.

1. ரோட்டார் முதல் சிலிண்டர் வயரை நோக்கும்படி எஞ்சினைக் கையால் சுழற்றவும்.
2. பல்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து வரும் டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் இணைத்துச் சாவியைப் போடவும்.
3. எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெல்லச் சுழற்றவும். கிராங்க் புல்லியின் குறி, கையேடு சொல்லும் இடத்துக்கு வரும் கணத்தில் பல்பு எரிய வேண்டும்.
4. எரியாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பவும். ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும்.

பளு இழுக்கும்போது 'கிண் கிண்' என்று தட்டினால் டைமிங் முந்தியிருக்கக்கூடும். இழுவை குறைந்து எஞ்சின் சூடேறினால் பின்தங்கியிருக்கக்கூடும். வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு நிறமே சரி. ஓடும்போது கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என வெடித்து, சோக்கைச் சற்று இழுத்ததும் அது நின்றால், ஜெட் அடைப்பையோ, கேஸ்கெட் வழிக் காற்றுக் கசிவையோ தேட வேண்டும். ஜெட்டைக் காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட்டும் ஊசி வால்வும் காரணமாக இருக்கும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பதால் வழியும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கசிவு நிற்கும் வரை வண்டியை ஓட்டக்கூடாது. தற்போதைய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், அவற்றை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவது நல்லது.

சமவெளியும் மலையும்

கடல் மட்டத்திலிருந்து திண்டுக்கல் சுமார் 270 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே வத்தலக்குண்டு வழியாக மலை ஏறும் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடி, கரும்புகை வரலாம், இழுவையும் குறையும். இது கோளாறு அன்று. ஐட்லிங் திருகைத் திருகினாலும் ஏற்றத்தில் இழுவை கூடாது. அப்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். சிறிய ஜெட் போட்டவர்கள் கீழே இறங்கியதும் பழையதை மாட்ட வேண்டும். இல்லையேல் சமவெளி வெயிலில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி, வால்வு கருகும்.

கோடையில் சூடான வண்டியை நிறுத்திச் சற்று நேரத்தில் மீண்டும் கிளப்பினால் கிளம்பாமல் போகலாம். குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிடுவதே இதற்குக் காரணம். பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணி போட்டு, ஆறியபின் கிளப்பினால் போதும். இதற்காகக் கார்புரேட்டரைப் பிரிக்கத் தேவையில்லை.